நரி வலையும் நான் கொடுத்த வாக்கும்

சென்ற மாதம் எங்கள் வனத்துறையின் இளம் அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். ட்ரோன் கொண்டு வேட்டைக்காரர்களைக் கண்டறிவது குறித்த வகுப்பு அது. வலையையும் நாயையும் கொண்டு நடத்தும் வேட்டையைப் பற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர் அரைமணி நேரம் சொன்னால் நல்லது என்று எண்ணினார்களாம். சொன்னேன். முடிவில் ஒரு பெண் அலுவலர் எழுந்து, மிகுந்த மரியாதையோடு, "சார், அந்த நரி கேஸ்ல தலைமறைவா இருந்த அக்யூஸ்டை, ஊசி போடணும்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கே வரவெச்சீங்களே, அந்த டெக்னிக்கை எங்களுக்குப் பாடமாவே சொல்லித் தர்றாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் எனக்குச் சேர வேண்டியதன்று. அப்படியோர் உத்தியை நான் கையாளவில்லை. நான் கையாண்டதாகத் துறைக்குள் ஒரு கதை வளர்ந்து, அது பாடமாகவும் ஆகியிருப்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. பணிக்காலம் முழுவதும் என்மீது ஒரு குற்றச்சாட்டும் எழுந்ததில்லை. பொய்யான பழியை மறுப்பது போலவே பொய்யான புகழையும் மறுப்பது ஒருவனின் கடமை என்று நினைக்கிறேன். ஆகவே, துறையினர் மட்டும் படிக்கும் இந்த இதழில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லவில்லை.

நான் விலங்கியல் படித்தவன். சென்னையில் பட்டம், கோவையில் பயிற்சி. யானைகளையும் மழைக்காடுகளையும் பற்றி நிறையப் படித்துவிட்டு, புகைபோக்கிகளைவிட உயரமான மரம் ஒன்றுகூட இல்லாத ஒரு சரகத்துக்கு வனச்சரகராக வந்து சேர்ந்தேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய புறம்போக்குகள், ஏரிக்கரைகள், வேலிக்காத்தான் புதர்கள், விற்றும் கட்டடம் எழும்பாத மனைகள் ஆகியவையே என் காடு. அதில் முயலும் நரியும் ஏராளமாக இருந்தன. ஆலைச் சுவருக்கு இந்தப் பக்கம் லாரிகள் நிற்கும். அந்தப் பக்கம் நரி குட்டி போட்டிருக்கும்.

வேட்டையாடியவர்களும் காட்டுவாசிகள் அல்லர். அவர்களுடைய தந்தையர் நெல் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அவர்களோ ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆறு நாள் தலைக்கவசம் அணிந்து இரும்பு சுமப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நாய்களை அவிழ்த்துக்கொண்டு, வலையைத் தோளில் போட்டுப் புறப்படுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிறு, முயல் வேட்டை ஒன்றைத் தடுக்கப் போய், ஏரிக்கரையில் விரிந்திருந்த வலைக்குள் நானே விழுந்தேன். சேற்றில் ஊறவைத்த நைலான் வலை. புல்லோடு புல்லாக இருந்தது. கரைக்கு மறுபுறம் படுத்திருந்தவர் எழுந்து நின்று, என் தொப்பியைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "இந்த வலைக்கு ஒசரம் பத்தாதுன்னு எங்க மச்சான் சொல்லிக்கினே இருந்தான் சார். பத்துது" என்றார். அவர்கள்மீது வழக்குப் போட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்த வேட்டையின் முறையைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். முயலுக்குத் தொடை உயரத்தில் ஒரு வலை. நரிக்கு இடுப்பு உயரத்தில், தடித்த கயிற்றில், பெரிய கண்களோடு வேறொரு வலை. விலங்கு வழக்கமாகப் போகும் தடத்தின் குறுக்கே அதை விரிப்பார்கள். மேல்கயிற்றை இழுத்துக் கட்டுவதில்லை. கவைக்குச்சிகளின்மேல் சும்மா சாத்தி வைத்திருப்பார்கள். மோதியவுடன் வலை முழுவதும் விலங்கின்மேல் சரிந்து சுற்றிக்கொள்ளும். புதரின் மறுகோடியில், காற்று வரும் பக்கமாக, நாய்களோடு ஆட்கள் நிற்பார்கள். தகரம் தட்டி, கூச்சலிட்டு, நாய்களை உள்ளே விடுவார்கள். நாயின் வாடையும் சத்தமும் வரும் திசையை விட்டு விலங்கு எதிர்த்திசையில் ஓடும். அங்கே வலைக்குப் பின்னால் இரண்டு பேர் மூச்சை அடக்கிப் படுத்திருப்பார்கள். நாய்கள் பிடிப்பதற்கு அல்ல, விரட்டுவதற்கு மட்டுமே. கடிக்கும் நாயை நல்ல வேட்டைக்காரன் கூட்டிவரமாட்டான்.

எனக்கு மேலதிகாரியாக இருந்த உதவி வனப் பாதுகாவலரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவருடைய அலுவலகம் திருவள்ளூரில் இருந்தது. ஒரு ரூபாய் லஞ்சம் வாங்கியவர் என்று அவருடைய விரோதிகூடச் சொன்னதில்லை. குரலை உயர்த்தமாட்டார். நாம் உள்ளே நுழைந்ததும் எழுந்து ஜன்னலருகே போய், வெளியே பார்த்தபடி நின்றுகொள்வார். அவருடைய முதுகிடம்தான் நாம் பேசவேண்டும். நாம் சொல்லி முடித்தபின் சிறிது நேரம் கழித்து, "சரி" என்பார். அந்த ஒரு சொல்லில் சம்மதமா, கேட்டுக்கொண்டேன் என்பதா என்று யாருக்கும் தெரியாது. எழுத்தில் உத்தரவு கொடுப்பது மிகக் குறைவு. சிறிய ஆட்களைப் பிடித்து வழக்கு முடிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. "வலை போட்டவனைப் புடிச்சுட்டு வர்றீங்க. போடச் சொன்னவன் எங்கே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அவரிடம் எனக்கு மதிப்பு இருந்தது.

இனி அந்த வழக்கு.

தொழிற்பேட்டையில் புதிதாக எழும்பிய ஓர் இரும்பு உருக்காலையில் முதல் உலை பற்றவைக்க நாள் குறித்திருந்தார்கள். அன்று காலை முதலாளி நரி முகத்தில் விழிக்க வேண்டும் என்று அதன் மேலாளருக்கு ஓர் எண்ணம். நரி முகத்தில் விழித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்ததே. படம் மாட்டிவைப்பவர்கள் உண்டு. இவருக்கு உயிருள்ள நரி வேண்டும், காயமும் இருக்கக்கூடாது. அங்கே ஒப்பந்தத்தில் சுமை ஏற்றிக்கொண்டிருந்த டில்லி என்பவரிடம் சொல்லியிருக்கிறார். பிடித்துக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. டில்லிக்கு அப்போது முப்பது வயதிருக்கும். அவர் தம் மனைவியின் அண்ணன் ஏழுமலையிடம் போனார். அந்தப் பகுதியில் நரி வலை கட்டத் தெரிந்தவர் ஏழுமலைதான்.

எனக்குத் துப்பு கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. நரி சாக்கில் இருந்தது. நாய்ப் பக்கம் நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். டில்லியும் ஓடிவிட்டார். ஏழுமலை மட்டும் நின்றிருந்தார். அவருடைய நாயின் கால் வலையில் சிக்கியிருந்தது. அதை அறுத்து எடுக்காமல் அவர் நகரவில்லை. நாங்கள் பக்கத்தில் வந்தபோதுகூடத் தலையைத் தூக்காமல், "இரு சார், இந்த ஒரு முடிச்சு" என்றார்.

ஜீப்பில் வரும்போது அவராகவே பேசினார்.

"இந்த மாதிரி நரியை நான் பாத்ததே இல்ல சார். நாய் கொலைக்குது, இது திரும்பிக்கூடப் பாக்கல. மெதுவா நடந்து வந்து வலையில உழுந்துது. டில்லி சொல்றான், 'மச்சான், எனக்கு வேலை குடுக்கணும்னே வருது பாரு'ன்னு."

"பிடித்தது யார்?"

"அவன்தான் சாக்குல தள்ளுனான். கையில லேசா பல்லால கோடு இழுத்துட்டுது. கோடுதான். ரத்தம்கூட சரியா வரல."

நாய்க்கு அஞ்சாத நரியை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவசரமாக நரி தேவைப்பட்டவர்கள் செய்யக்கூடிய தவறு அது. எனக்கு அப்போதே மனம் கலங்கியது. ஏழுமலையை முறைப்படி நீதிமன்றத்தில் நிறுத்தினோம். அவர் சிறைக்குப் போனார். கூண்டில் வைத்த நரி தண்ணீரைத் தொடவில்லை. கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் விடிவதற்குள் இறந்துவிட்டது. கால்நடை மருத்துவர் மூளையிலிருந்து மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். வெறிநோய் என்று உறுதியாயிற்று.

கூண்டைத் தொட்ட என் ஆட்களும் நானும் ஊசி போட்டுக்கொண்டோம். சிறை மருத்துவரிடம் சொல்லி ஏழுமலைக்கும் போடச் செய்தேன். நரியின் பல் பட்டவர் டில்லி. அவர்தான் கையில் கிடைக்கவில்லை. வெறிநோய்க்கு அறிகுறி தோன்றுவதற்குமுன் ஊசி போட்டால் பிழைக்கலாம். தோன்றியபின் எந்த மருத்துவமும் இல்லை. என் ஆட்கள் அவரைத் தேடத் தேட, அவர் இன்னும் தொலைவுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆந்திர எல்லைக்கு அப்பால் உறவினர் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். தேடுவதை நிறுத்தச் சொன்னேன்.

ஏழுமலை ஜாமீனில் வந்த அன்று அவர்கள் தெருவுக்குத் தனியாகப் போனேன். சீருடையில்தான் போனேன். வேறு உடையில் போயிருந்தால் அது வேடம் என்று ஆகியிருக்கும். டில்லியின் மனைவி குமாரி குழாயடியில் நின்றிருந்தார்.

"இன்னா சார், ஒத்தையா வந்துக்கிற? நாயெல்லாம் அந்தாண்ட அவுத்து உட்டாச்சா?" என்றார். குழாயடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நரிக்கு வெறிநோய் இருந்தது, டில்லி உடனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் உயிர் போய்விடும் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. குமாரி அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஏழுமலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், எழுந்து வந்தார்.

"சார், தப்பா நெனச்சிக்காதே. நாங்க இன்னா பண்றோம்? அந்தாண்ட நின்னுக்கினு தகரத்தைத் தட்றோம், கத்தறோம். நரி இன்னா நெனைக்குது? சத்தம் வர்ற பக்கம்தான் சாவு கீதுன்னு நெனச்சிக்கினு இந்தாண்ட ஓடியாருது. இந்தாண்ட ஒரு சத்தமும் கெடையாது. வலைதான் கீது. இப்ப நீ வந்து வெறி, சாவு, ஊசின்னு தட்ற. நான் அவனை எந்தப் பக்கம் ஓட உடறது?"

"உங்களுக்கும்தானே ஊசி போட்டார்கள்?"

"போட்டாங்க. நான் உள்ள இருந்தேன். உள்ள கீறவனுக்கு ஊசி போடறது சும்மா. வெளிய கீறவனை வா வான்னு கூப்புடறது சும்மாவா?"

என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மை ஒன்று பொய்யைப் போலவே இருந்தது அன்றுதான். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னேன்: "ஊசி எல்லாம் போட்டு முடிகிற வரைக்கும் டில்லியை என் ஆட்கள் யாரும் தொடமாட்டார்கள். இது என் வாக்கு."

"எழுதிக் குடுப்பியா சார்?" என்றார் குமாரி.

"அப்படி எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை."

குமாரி குழாயை மூடினார். "சட்டத்துல இல்லன்னா சரி. அப்ப நம்பலாம்" என்றார். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "மறைவாச் சுத்திக்கினு எத்தினி நாளுக்கு பேஜாரு படறது. வரச் சொல்றேன்ணா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எந்த நாள், எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்பதை ஏழுமலையும் நானும் பேசி முடிவு செய்தோம். அங்கிருந்த மருத்துவரிடம் மருந்தைத் தயாராக வைக்கச் சொன்னேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் அங்கே தென்படக்கூடாது என்பதால், நானும் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

திருவள்ளூருக்குப் போய் மேலதிகாரியிடம் இதைத் தெரிவித்தேன். மறைத்திருக்கலாமே என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். மேலதிகாரியிடம் ஒன்றை மறைத்து வேலை செய்யும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. அவருக்குத் தெரியாமல் அந்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரமும் எனக்குக் கிடையாது. அவர் ஜன்னலருகே நின்று கேட்டார். எந்த நாள் என்றார். சொன்னேன். எந்த மருத்துவமனை என்றார். சொன்னேன். வெகுநேரம் கழித்து, "சரி" என்றார்.

அந்த நாளில் நான் அலுவலகத்திலேயே இருந்தேன். முற்பகலில் குமாரி வந்தார். வாசலில் நின்றபடி, கையிலிருந்த ஓ.பி. சீட்டை என் மேஜையை நோக்கி எறிந்தார். அது பாதி வழியில் தரையில் விழுந்தது.

"டீக்கடையில ரெண்டு பேரை ஒக்கார வெச்சிக்கிறியே. சட்டையை மாத்துன ஆளு ஷூவையும் மாத்தச் சொல்லக்கூடாதா?"

அவர்கள் மொபெட்டில் வந்திருக்கிறார்கள். குமாரி வரிசையில் நின்று சீட்டு வாங்கியிருக்கிறார். டில்லி வெளியே நின்றிருக்கிறார். எதிரே தேநீர்க் கடையில் சாதாரணச் சட்டையில் இருவர். கால்களில் துறையின் பழுப்புக் காலணிகள். வலைக்குப் பின்னால் அசையாமல் படுத்துப் பழகியவருக்கு அது போதுமானதாக இருந்தது. வண்டியையும் மனைவியையும் விட்டுவிட்டு, பின்பக்கச் சுவரேறி வயலில் இறங்கி ஓடிவிட்டார்.

அந்த இருவரையும் அனுப்பியது நானல்ல. மேலதிகாரி வேறொரு சரகத்திலிருந்து ஆள் எடுத்திருந்தார். அன்று பிற்பகல் அவர் முன் நின்றேன். முதல் முறையாக அவர் என் பக்கம் திரும்பி நின்று பேசினார்.

"மேனேஜர்கிட்ட நேரடியாப் பேசினவன் அவன் ஒருத்தன்தான். அவன் இல்லாம அந்த மேனேஜரை நாம தொடமுடியாது. ஊசி போட்டப்புறம்தான் புடிக்கச் சொன்னேன். அதுக்குள்ள பாத்துட்டான்."

"என் வாக்கு சார்."

"உங்க வாக்கு உங்களுது. நான் குடுக்கலையே." பிறகு சற்றுத் தணிந்த குரலில், "வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவான். உயிர்மேல ஆசை இருக்காதா" என்றார்.

அவர் அதை நம்பினார் என்றே இன்றும் கருதுகிறேன். உயிர்மேல் ஆசை டில்லிக்கும் இருந்தது. அவர் அஞ்சியது எங்களைத்தான். காலணிகளைப் பார்த்த பிறகு, நரிக்கு வெறி என்பதே பொய், ஊசி என்பதே பொய், எல்லாம் தகரத் தட்டல் என்று அவர் முடிவுசெய்துவிட்டார். பொய்யான நோய்க்கு யார் வேறு மருத்துவமனை தேடுவார்கள்? நான் மேலதிகாரிக்கு என் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தேன். அதன்பின் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. துறையின் பாடத்தில் இந்த நிகழ்ச்சி இருக்கத்தான் வேண்டுமென்றால், அது எதைச் செய்யக்கூடாது என்ற பக்கத்தில் இருக்கட்டும்.

சில வாரங்கள் நான் எல்லா வழியிலும் முயன்றேன். ஏழுமலை என்னோடு பேசவில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதினேன். கவரைப்பேட்டையிலிருந்து எங்கள் மாவட்டத்து ஆரணி வரை அவருடைய உறவினர்கள் இருந்த வீடுகளுக்கு நானே போனேன். கதவைத் திறந்தவர்கள் என்னைக் கண்டதும் மூடினார்கள். பிறகு ஒரு நாள் செய்தி வந்தது. டில்லிக்குக் கையில் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததாம். பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகியதாம். சென்னைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர்கள் கதவைச் சாத்தி விளக்கை அணைத்து வைத்தார்கள். செய்வதற்கு அவர்களிடம் வேறொன்றும் இல்லை.

மேலாளர்மீது வழக்கு எழவில்லை. உலை குறித்த நாளில் பற்றவைக்கப்பட்டது. அன்று முதலாளி நரியின் படம் ஒன்றில் விழித்ததாகச் சொன்னார்கள்.

ஏழுமலை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் விதித்தார்கள், கட்டினார். வெளியே வந்தபோது வளாகத்துப் புங்கமரத்தடியில் நான் நின்றிருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்தார்.

"சார், அந்த ஆளுங்களை நீ அனுப்பல. ஒங்க வாட்ச்சர் ஒருத்தர் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரில ஊசி ரெடியா இருந்ததும் நெஜம். எனக்குத் தெரியும்."

"அப்படியானால் அதை ஊரில் சொல்லுங்கள் ஏழுமலை. என்னை ஏமாற்றுக்காரன் என்கிறார்கள்."

"சொல்லமாட்டேன் சார்."

காரணத்தையும் அவரே சொன்னார்.

"என் தங்கச்சி இப்ப உன்னைத்தான் திட்டிக்கினு கீது. காலைல எழுந்தா உன்னைத் திட்டுது, சோறு ஆக்குது, வேலைக்குப் போவுது. அன்னிக்கு உள்ள ஊசி நெஜமாவே ரெடியா இருந்துதுன்னு தெரிஞ்சா இன்னா நெனைக்கும்? அவன் ஓடாம உள்ள பத்தடி நடந்திருந்தா பொழச்சிருப்பான்னு நெனைக்கும். நான்தானே வரச் சொன்னேன், நான்தானே கையைப் புடிச்சி உள்ள இழுத்துக்கினு போயிருக்கணும்னு நெனைக்கும். அத வெச்சிக்கினு அது எப்படி சார் இருக்கும்? உன் மேல கோவமா இருந்துட்டுப் போவட்டும். நீ படிச்சவன். தாங்குவே."

என் பெயரைக் காத்துக்கொள்வதே என் வாழ்நாளின் உழைப்பு என்று நினைத்துவந்தவன் நான். "சரி" என்றேன். அவர் கும்பிடவில்லை, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை, கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் குமாரியைப் பார்த்தேன். ஆலையொன்றில் வேலை முடிந்து, உடன் வேலை செய்யும் பெண்களோடு நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்திலிருந்த பெண்ணிடம், எனக்குக் கேட்கும்படியாகவே, "இந்தப் பெரிய மனுஷன் வாக்குக் குடுத்துத்தான் என் ஊட்டுக்காரரை நான் கூட்டியாந்தேன்" என்றார். அந்தப் பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருத்தி காறித் துப்பினாள்.

அதற்கு மறுமொழியாகச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. சொல்லவில்லை. ரயில் வந்தது. அவர்கள் ஏறும்வரை நின்றிருந்து, வேறொரு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.